பிடிபடாத மூன்றாவது ஸ்ட்ரைக்

2025 அக்டோபர் 11, சனி.

இன்றைய தப்பு: கடைசி இன்னிங்ஸில் மூன்றாவது ஸ்ட்ரைக் விழுந்ததும் அவுட் என்று எழுதிவிட்டேன். பந்து பிடிபட்டதா என்று பார்க்கவில்லை. பேட்டர் ஓடிக்கொண்டிருந்தாள். நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு வனிதா நிறுத்தினாள். ஒருமுறை படித்துப் பார்த்தாள். எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனாலும் எதையோ விட்டுவிட்டோம் என்று தோன்றியது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும். கடையைப் பூட்டிக்கொண்டு வந்தால் பூட்டினோமா என்று தோன்றும். அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் அணைத்தோமா என்று தோன்றும். அதனால் தன் சந்தேகத்தை அவள் உடனே நம்பிவிடுவதில்லை. கொஞ்ச நேரம் அதை வாசலில் நிற்க வைத்துத்தான் உள்ளே விடுவாள்.

நோட்டின் முதல் வரியில் தப்பை எழுதுவது மாலை வகுப்பின் சட்டம். குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்து அறையில், பிள்ளைகள் இல்லாத மாலை நேரங்களில், சாப்ட்பால் நடுவர்களுக்கும் ஸ்கோர் எழுதுகிறவர்களுக்கும் நாஜ்னீன் மிஸ் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். வயதில் வனிதாவைவிட ஓரிரண்டு வருடம்தான் மூத்தவள். மாநில அணியில் ஆடியவள். முட்டியில் அடிபட்டதால் விசிலை எடுத்துக்கொண்டவள். முதல் நாளே எல்லோருக்கும் ஒரு நோட்டைக் கொடுத்து, “முதல் வரி இன்னைக்குச் செஞ்ச தப்பு. கடைசி வரி நாளைக்குச் செய்ய வேண்டிய வேலை. நடுவுல கவிதை எழுதினாலும் எனக்குக் கவலையில்லை” என்று சொல்லியிருந்தாள்.

வனிதா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். சில நாட்களில் தப்பு எதுவும் அகப்படாமல், இன்று தப்பு செய்யவில்லை என்று நினைத்ததே தப்பாக இருக்கலாம் என்று எழுதி வைப்பாள். இன்று அந்தச் சிரமம் இல்லை.

அன்று நடந்தது சும்மா பொழுதுபோக்குக்கு ஆடிய ஆட்டமில்லை. மாவட்ட அணிக்குப் பெண்களைப் பொறுக்குவதற்காக வைத்த ஆட்டம். குன்னூர்ப் பள்ளிப் பெண்கள் ஒரு பக்கம், நெல்லியாளத்துப் பெண்கள் இன்னொரு பக்கம். குன்னூருக்குப் பந்து எறிந்தவள் சுரையா. மட்டைக்காரி நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பிடித்தவள் மனிஷா. பிட்சர் இடம் சுரையாவுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கேட்சர் இடம்தான் இழுபறி. மனிஷாவா, நெல்லியாளத்துக் கேட்சரா என்று தேர்வாளருக்கே தெரியவில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார்:

“நான் பாதி ஆட்டம்தான் பார்ப்பேன். இருட்டறதுக்குள்ள மலை இறங்கணும். மிச்சத்தை ஸ்கோர் ஷீட்ல பார்த்துக்கறேன். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள எனக்கு வந்துரணும். கேட்சரைப் பொறுத்தவரைக்கும் நான் முதல்ல பார்க்கிறது பாஸ்டு பால் கட்டம்.”

கேட்சர் பிடித்திருக்க வேண்டிய பந்தைக் கோட்டைவிட்டு, அதனால் எதிர் அணிக்காரி முன்னேறிவிட்டால் அது பாஸ்டு பால், பழி கேட்சருக்கு. பிட்சர் கைக்கு எட்டாத இடத்தில் எறிந்துவிட்டால், இல்லையென்றால் பந்து தரையில் குத்தி வந்து கேட்சரைத் தாண்டிவிட்டால், அது வைல்டு பிட்ச், பழி பிட்சருக்கு. இரண்டில் எது என்று தீர்மானிப்பது மைதானத்தில் நிற்கும் நடுவர் அல்ல. கொட்டகையில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறவர்தான். அன்றைக்கு அந்த நாற்காலியில் வனிதா உட்கார்ந்திருந்தாள்.

கடைசி இன்னிங்ஸ் வரைக்கும் மனிஷாவின் கட்டத்தில் ஒன்றும் இல்லை. தேர்வாளர் கிளம்பிப் போய்விட்டார். பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து மைதானத்தின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது. குன்னூர் ஒரு ரன் முன்னால் இருந்தது. நெல்லியாளத்துக்கு இரண்டு அவுட் ஆகிவிட்டது, இன்னும் ஒன்று விழுந்தால் குன்னூர் ஜெயித்துவிடும். மூன்றாவது பேஸில் ஒருத்தி நின்றாள், அவள் ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ரன். மட்டை பிடித்தவளுக்கு இரண்டு ஸ்ட்ரைக்: இரண்டு பந்தை அடிக்காமல் விட்டிருந்தாள், மூன்றாவதையும் விட்டால் அவுட். சுரையா எறிந்தாள். மட்டை காற்றை வெட்டியது. மூன்றாவது ஸ்ட்ரைக். பந்து மனிஷாவைத் தாண்டிப் பின்வலைக்குப் போனது.

மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் பிடிக்காவிட்டால், இரண்டு அவுட் ஆகியிருக்கும்போது, மட்டைக்காரி முதல் பேஸுக்கு ஓடலாம். அவளைத் தொட்டோ, அவளுக்கு முன்பே பந்தை முதல் பேஸுக்கு எறிந்தோதான் அவுட் ஆக்க வேண்டும். இது குன்னூர் அணிக்கும் தெரியும். மனிஷா பாடமாகவே ஒப்பிப்பாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் எழுந்து நின்று, வலது கையை உயரத் தூக்கி, “கொழுந்து” என்று கத்தினாள். கத்திவிட்டு அப்படியே நின்றாள்.

கொட்டகையில் வனிதாவும் அவுட் என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகினாள்.

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்கள் இருவருக்கும்தான் புரியும். இருவரும் ஒரே எஸ்டேட். பக்கத்துப் பக்கத்து லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லயத்துக்கு மேலே இருக்கும் சின்னச் சமதரையில்தான் இருவரும் ஆடக் கற்றுக்கொண்டார்கள். அங்கே கேட்சருக்குப் பின்னால் வலை கிடையாது, சுவர் கிடையாது. நேராகத் தேயிலைச் சரிவு. பந்து உள்ளே போய்விட்டால் செடியை மிதித்துக்கொண்டு இறங்கக் கூடாது. சூப்பர்வைசர் கண்ணில் பட்டால் மறுநாள் காலை பெரட்டில், எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும்போது, அம்மாவையோ அப்பாவையோ நிற்க வைத்துக் கேட்பார். அதனால் எந்தக் காலத்திலோ யாரோ ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். பந்து தாண்டிப் போனால் கேட்சர் கையைத் தூக்கி “கொழுந்து” என்று கத்த வேண்டும். எல்லோரும் அங்கங்கே நின்றுவிட வேண்டும். பந்தை விட்டவள் பாதை வழியாகச் சுற்றிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்த பிறகுதான் ஆட்டம் மறுபடி உயிர் பெறும்.

பள்ளி அணியில் சேர்ந்த பிறகும் மனிஷாவிடம் அந்தப் பழக்கம் இருந்தது யாருக்கும் தெரியாது. காரணம், அவள் பந்தை விடுவதே அபூர்வம். மார்பைக் கொடுத்தாவது நிறுத்திவிடுவாள். விட்டால் என்ன செய்வது என்பது மட்டும் பழைய மைதானத்திலேயே தங்கிவிட்டது.

நெல்லியாளத்துப் பெண்களுக்குக் கொழுந்தும் தெரியாது, ஒன்றும் தெரியாது. மட்டைக்காரி ஓடினாள். மூன்றாவது பேஸில் நின்றவள் ஹோம் பிளேட் வந்து சேர்ந்தாள். ஆட்டம் சமம். அடுத்து வந்தவள் ஒரு அடி அடித்தாள், இன்னொரு ரன். குன்னூரால் அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

வனிதா அவசர அவசரமாக ரப்பரை எடுத்து, எழுதியதையெல்லாம் அழித்தாள். அழித்த இடத்தில் மனிஷாவின் பெயருக்கு நேராகப் பாஸ்டு பால் என்று குறித்தாள். காதெல்லாம் சூடாக இருந்தது.

பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் வந்தார்கள். கேட்சர் பையை மடியில் வைத்துக்கொண்டு மனிஷா அதன் வாரை இறுக்கினாள், தளர்த்தினாள். பிறகு கேட்டாள்:

“என்னன்னு எழுதுனீங்கக்கா?”

“பாஸ்டு பால்.”

மனிஷா தலையாட்டினாள். “கையத் தூக்கிட்டு மரமாட்டம் நின்னேன்ல. அப்படித்தான் எழுதணும்.”

வனிதா டிக்கெட்டை மடித்தாள்.

“கொழுந்துன்னு வேற கத்தித் தொலைச்சேன். அந்தப் புள்ளைங்க என்னான்னு நெனச்சிருக்கும்?”

“நாளைக்கு நம்ம மலைக்குக் கொழுந்தெடுக்கக் கூப்பிடுறான்னு நெனச்சிருக்கும்.”

மனிஷா சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு இறங்கும்வரை திரும்பவில்லை.

இப்போது லயத்து விளக்கின் கீழே, வாசலில் நிற்க வைத்திருந்த சந்தேகம் உள்ளே வந்து உட்கார்ந்தது. கையைத் தூக்கிட்டு நின்னேன்ல, அப்படித்தான் எழுதணும். மனிஷா சொன்ன அந்த வார்த்தைதான் உறுத்தியது. வனிதா வகுப்புக் குறிப்புகளைப் புரட்டினாள். பாஸ்டு பால் என்பது பந்து வந்த விதத்தையும் அதைப் பிடிக்க முடியுமா என்பதையும் பற்றியது. தாண்டிய பிறகு கேட்சர் ஓடினாளா, நின்றாளா, பாட்டுப் பாடினாளா என்பதற்கு அங்கே இடமே இல்லை.

அப்படியானால், தான் எதை எழுதினோம்? பந்தை எழுதவில்லை. தூக்கிய கையை எழுதியிருக்கிறோம். அந்தக் கை தன்னுடைய கையாகவும் இருந்ததால் கோபத்தில் எழுதியிருக்கிறோம்.

நோட்டில் இதை எழுதினாள். எழுதியதும் அடுத்த சந்தேகம் வந்தது. பந்து தரையில் குத்தியதா? பனிமூட்டத்தில் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. குத்தியது போலவும் இருந்தது. தன் எஸ்டேட் பெண் என்பதால் குத்தியது போலத் தோன்றுகிறதோ என்றும் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. பாஸ்டு பாலை எடுத்தால் அது வைல்டு பிட்சாக மாறிச் சுரையா தலையில் விழும். சுரையாவின் அத்தா ஹபீப் முகமதுவின் கடையில்தான் வனிதா வேலை பார்க்கிறாள். மாற்றினால் எஸ்டேட்காரிக்குச் சாதகம் என்பார்கள். மாற்றாவிட்டால் முதலாளி மகளுக்குச் சாதகம் என்பார்கள்.

நல்ல வேளையாக இரண்டு பக்கமும் அடி விழும் என்பதால், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தப்பிக்க வழியில்லை. நடந்தது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் மிச்சம். ஞாயிறு சாயங்காலம் ஷீட்டை ஒப்படைக்கும்வரை ஸ்கோரர் தன் தீர்ப்பை மாற்றலாம். யாரிடமும் ‘தரையில் குத்தியதுதானே’ என்று கேட்கக் கூடாது, ‘என்ன ஆயிற்று’ என்று மட்டும்தான் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டம் இருக்கும் என்பதால் கடை மதியம்வரை உண்டு. தோட்டத்துக்கும் நர்சரிக்கும் வேண்டிய சாமான்கள் விற்கிற கடை: தண்ணீர்க் குழாய், மருந்தடிக்கும் பம்ப், கயிறு, நிழல்வலை. வலைச் சுருள்களை வண்டியில் ஏற்ற பாலகுமார் வந்தான். பகலில் பிக்கப் ஓட்டுகிறவன். மாலை வகுப்பில் நடுவர் பாடம் படிக்கிறவன். நேற்றைய ஆட்டத்துக்கு ஹோம் பிளேட் நடுவர் அவன்தான்.

“ஏனுங்க ஸ்கோரர் மேடம், பென்சில் காதுல இருக்குதுங்களா, கையில இருக்குதுங்களா?”

“வாயில இருக்கு. ஏத்த வேண்டிய வலைய ஏத்துங்க.”

“கோவப்படாதீங்க. நான் ஒன்னும் யாருகிட்டயும் சொல்லலீங்க. எங்கம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னேன்.”

வனிதா பில் புத்தகத்தை மூடினாள். “பாலகுமார், நேத்து அந்தக் கடைசி ஸ்ட்ரைக்ல என்ன ஆச்சு?”

அவன் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. நடுவர் முகம் வந்தது. “அத நான் சொல்லக் கூடாதுங்க. ஸ்ட்ரைக்கா, ஓடுனது சரியா, அதுவரைக்குந்தான் என்ற வேலை. யாரு தப்புன்னு எழுதறது உங்க வேலைங்க. மிஸ்ஸே சொல்லியிருக்காங்க.”

அவன் சொல்வது சரிதான். வனிதா தலையாட்டிவிட்டு மறுபடி பில் புத்தகத்தைத் திறந்தாள். பாலகுமார் ஒரு சுருளைத் தோளில் ஏற்றிக்கொண்டே தொடர்ந்தான்:

“ஆனா என்ற பேண்டப் பத்திச் சொல்லலாமில்லைங்க. நடுவர் வேலைக்குன்னு சாம்பக் கலர்ல புதுசா தெச்சது. பந்த வாங்கித் தொடச்சேன் பாருங்க, தொடையில ஒரு கை அகலத்துக்குச் செம்மண்ணு. எங்கூட்ல உண்டில்லைன்னு ஆக்கிட்டாங்க.”

“எந்தப் பந்த?”

“அதேதானுங்க. கொழுந்துப் பந்து.”

வனிதா எழுந்து நின்றாள். மைதானம் முழுக்கப் புல். ஹோம் பிளேட்டைச் சுற்றி மட்டும்தான் வெட்டிய செம்மண். காலையில் பெய்த தூறலில் அது குழைந்து கிடந்தது. கேட்சர் குந்துகிற இடத்துக்குப் பின்னால், வலைவரை, மறுபடி புல். புல்லில் உருண்டு போன பந்தில் செம்மண் ஒட்டாது. ஆனால் அவள் மனம் அதோடு விடவில்லை.

“அதுக்கு முன்னாடியே ஒட்டியிருந்த மண்ணா இருக்கலாம்ல?”

“எப்படிங்க இருக்கும்? அந்தப் புள்ள மட்டையப் புடிச்சிட்டு வந்தப்பத்தான் பழைய பந்து ஊறிப்போச்சுன்னு புதுப் பந்து எடுத்துக் குடுத்தேன். முதல் ரெண்டு பந்தையும் மனிஷா கையில வாங்குனா.” சொல்லிவிட்டு அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். “நான் பேண்டப் பத்தித்தானுங்க பேசுனேன்.”

“நானும் பேண்டப் பத்தித்தான் கேட்டேன்.”

மதியம் சுரையா அத்தாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்தாள். ஹபீப் முகமது பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார். எழுதி வைத்தபடியே கேட்டாள்:

“சுரையா, நேத்து அந்தக் கடைசி பந்து என்ன ஆச்சு?”

“நழுவிடுச்சுக்கா. பனியில கை ஈரம். கொஞ்சம் முன்னாடியே விரல விட்டுப் போயிருச்சு. பிளேட்டுக்கு முன்னாடி குத்தி, சொருகிக்கிட்டுப் போச்சு. மனிஷா எப்படியாவது வாங்கிடுவான்னு பார்த்தேன். அவ என்ன, சுவரா?”

“நேத்தே சொல்லியிருக்கலாமே.”

“ஸ்கோரர்கிட்ட பிளேயர் போய்ப் பேசக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க. நீங்க கேட்டீங்க, சொல்றேன்.”

“நான் அத மாத்தி எழுதணும். வைல்டு பிட்ச். உன் பேர்ல.”

பின்கட்டிலிருந்து துண்டில் கை துடைத்தபடியே ஹபீப் முகமது வந்தார். எல்லாம் கேட்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

“ஏம்மா வனிதா, என் கடையில நின்னுக்கிட்டு என் மக பேர்லயே எழுதப்போறியா?”

“ஆமா பாய்.”

அவர் கேரியரின் மேல் அடுக்கைத் திறந்து பார்த்தார். மூடினார். “எழுது. நேத்து ராத்திரிலேர்ந்து இவ சோறு எறங்காம உக்காந்திருந்தா. என்னடான்னா, என் தப்பு மனிஷா மேல போயிருச்சு அத்தாங்கிறா. சரக்கு மாறிப் போனா நாம திருப்பி அனுப்புறதில்லையா? அது மாதிரிதான். உரிய ஊட்டுக்கு அனுப்பு.”

சுரையா அத்தாவை முறைத்தாள். பிறகு வனிதாவின் பக்கம் திரும்பி, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்: “மாத்தறப்ப இன்னொன்னும் பாருங்கக்கா. என்னோட ஸ்ட்ரைக்அவுட் எங்க போச்சு?”

“அவதான் அவுட் ஆகலையே.”

“அவுட் ஆகலைன்னா என்னக்கா? மூணு ஸ்ட்ரைக்கும் நான்தானே போட்டேன்?”

வனிதா பையிலிருந்து விதிக் குறிப்பை எடுத்து, கல்லாப் பெட்டியின் மேல் வைத்து, விரலை ஓட்டிப் படித்தாள். சுரையா சொன்னதுதான் சரி. மூன்றாவது ஸ்ட்ரைக் பிடிபடாமல் மட்டைக்காரி தப்பித்து ஓடினாலும், பிட்சர் கணக்கில் ஸ்ட்ரைக்அவுட் நிற்கும். அவசரத்தில் ரப்பர் போட்டபோது அதுவும் சேர்ந்து போயிருந்தது. ஒரே பந்தில் ஒருத்திக்கு இல்லாத பழியைக் கொடுத்து, இன்னொருத்தியிடம் இருந்த பெருமையையும் பிடுங்கியிருக்கிறோம். கேட்காமலே இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. தப்பு இரண்டானதற்காகச் சந்தோஷப்படுவது வனிதாவுக்குப் புதிதாக இருந்தது.

“சுரையா, நீ கேட்டதுக்கு ரொம்ப நன்றி.”

“நன்றியெல்லாம் இருக்கட்டும். ஸ்ட்ரைக்அவுட்டுக்குப் போடுற ‘கே’வ பெருசா எழுதுங்க.”

சாயங்காலம் வகுப்பில் நாஜ்னீன் மிஸ் ஷீட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ரப்பர் போட்ட இடம் மேகம் மாதிரி கறுத்திருந்தது.

“இங்க என்ன, மழையா?”

வனிதா எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்: கொழுந்து, பென்சில், கோபம், பேண்டில் ஒட்டிய செம்மண், புதுப் பந்து, சுரையாவின் விரல். மனிஷா தன் எஸ்டேட் என்பதையும், சுரையா தன் முதலாளி மகள் என்பதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். பின் பெஞ்சில் பாலகுமார் தன் பேண்டைக் குனிந்து பார்த்தான். இன்று கறுப்புப் பேண்ட்.

“நடுவர் ஏதாவது சொன்னாரா?” என்று மிஸ் கேட்டாள்.

“நான் துவைக்கிற சோப்பப் பத்தித்தான் பேசுனேன் மிஸ்,” என்றான் பாலகுமார். வகுப்பு சிரித்தது. மிஸ்ஸும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“சரி. வனிதா, உன் கண்ணால பார்த்தது என்ன?”

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்திருந்தாள். “தெளிவாப் பார்க்கல மிஸ். குத்துன மாதிரி இருந்துச்சு. நான் அந்த நேரத்துல பந்தைப் பார்க்காம மனிஷா கையைப் பார்த்தேன். அதனாலதான் மத்தவங்ககிட்ட கேட்டேன்.”

மிஸ் ஷீட்டை மேசையில் வைத்தாள். “கேட்டு எழுதறது தப்பில்ல. பார்த்த மாதிரி எழுதறதுதான் தப்பு. மாத்து. ஆனா இனிமே ரப்பர் எடுக்காதே. பழையது தெரியற மாதிரி ஒரு கோடு இழு. பக்கத்துல புதுசு. கீழ கையெழுத்து. நாம தப்பு பண்ணினதும் ஷீட்ல இருக்கட்டும்.”

வனிதா பாஸ்டு பாலின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். சுரையாவுக்கு நேராக வைல்டு பிட்ச் என்று குறித்தாள். அழிந்து போன இடத்தில் ஸ்ட்ரைக்அவுட்டுக்கான ‘கே’யை, கேட்டபடியே கொஞ்சம் பெரிதாக, எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். மிஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்துத் தேர்வாளருக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தாள். வனிதாவின் காதில் பாடம் ஏறவில்லை. மேசையில் கவிழ்ந்து கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடியும் தறுவாயில் போன் அடித்தது. மிஸ் வாசலுக்குப் போய்ப் பேசினாள். “ஆமா சார்… தரையில குத்தினதுதான் சார்… கோடு போட்டது எங்க ஸ்கோரர்தான் சார், அவங்களே கேட்டு மாத்தினாங்க…” பிறகு வெகுநேரம் “சரிங்க சார்” மட்டும் கேட்டது. உள்ளே வந்தவள் சாக்பீஸை எடுத்துக் கீழே வைத்தாள்.

“மனிஷாவும் சுரையாவும் கேம்ப்புக்கு வரணுமாம். ரெண்டு கேட்சருக்கும் பாஸ்டு பால் இல்லையாம். எறியற கையைப் பார்த்து மனிஷாவை எடுத்திருக்காரு.” சாக்பீஸை மறுபடி எடுத்தாள். “ஆனா பந்து தாண்டிப் போனா அந்தப் பொண்ணு ஏன் போலீஸ் மாதிரி கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிதுன்னு கேட்கிறாரு. யாரோ போன்ல எடுத்ததைப் பார்த்திருக்காரு. அதை கேம்ப்புக்குள்ள சரி பண்ணிடணுமாம்.”

“பண்ணிடலாம் மிஸ்,” என்றாள் வனிதா. சந்தேகப்படாமல் அவள் சொன்ன வார்த்தை அன்றைக்கு அது ஒன்றுதான்.

வெளியே பாலகுமாரின் பிக்கப் நின்றது. பின்னால் ஒரு பச்சை நிழல்வலைச் சுருள் கட்டிக் கிடந்தது. மதியம் கடை மூடும்போது வனிதா வெட்டி மிஞ்சிய துண்டைக் காட்டி விலை கேட்டிருந்தாள். எதற்கு என்று ஹபீப் முகமது கேட்டார். லயத்து மைதானத்தில் கேட்சருக்குப் பின்னால் கட்ட என்று சொன்னாள். “அது விற்கிற துண்டில்ல, எடுத்துட்டுப் போ. என் மக அங்க வந்து எறிஞ்சாலும் நிக்கணும், உசரமா கட்டு” என்று சொல்லிவிட்டு, இரண்டு துண்டுக் கயிறையும் சேர்த்துப் போட்டிருந்தார்.

“ஏறுங்க,” என்றான் பாலகுமார். “லயத்து வரைக்கும் எறக்கி விட்டர்றேன். அந்தப் புள்ளைகிட்ட நீங்கதான் சொல்லோணும். நடுவர் சொல்லக் கூடாது.”

லயத்து வாசலில் மனிஷா அம்மாவோடு விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். வனிதா வண்டியிலிருந்து இறங்கி விஷயத்தைச் சொன்னாள். முதலில் வைல்டு பிட்ச் என்பதைச் சொன்னாள், பிறகு கேம்ப்பைச் சொன்னாள். அந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். மனிஷா கையில் இருந்த விறகைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

“அப்ப நான் விடலையா அக்கா?”

“பந்த நீ விடல. நின்னது மட்டும் நீ நின்ன. நானும் நின்னேன்.”

மனிஷா விறகை அடுக்கில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் வண்டியில் கிடந்த பச்சைச் சுருளைப் பார்த்து, “அது என்னக்கா?” என்று கேட்டாள். அம்மா உள்ளே போய் மூன்று டம்ளரில் தேநீர் கொண்டுவந்தாள். ஒன்றை வண்டியருகே நின்றிருந்த பாலகுமாரிடம் நீட்டினாள். அவன் குடிக்கும்போது ஒரு கையால் பேண்டை ஜாக்கிரதையாகப் பிடித்துக்கொண்டான்.

சாப்பிட்டு முடித்து வனிதா நோட்டைத் திறந்தாள்.

2025 அக்டோபர் 12, ஞாயிறு.

இன்றைய தப்பு: சுரையாவின் ஸ்ட்ரைக்அவுட்டை அழித்தது எனக்குத் தெரியவே இல்லை. அவள் கேட்டுத்தான் தெரிந்தது.

பாலகுமாரின் பேண்டுக்கு நன்றி. தன் தப்பை ஒளிக்காமல் சொன்ன சுரையாவுக்கு நன்றி. சரக்கை உரிய வீட்டுக்கு அனுப்பச் சொன்ன பாய்க்கு நன்றி. தப்பை என் கையெழுத்தோடு அப்படியே இருக்கவிட்ட மிஸ்ஸுக்கு நன்றி. பஸ்ஸில் எனக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லாமல் வந்த மனிஷாவுக்கு எப்படி நன்றி எழுதுவது என்று தெரியவில்லை. வலையைக் கட்டிவிட்டால் எழுதியது போல ஆகுமோ என்னவோ.

நாளைக்கு: காலை பெரட்டுக்கு முன்னால் சூப்பர்வைசரைப் பார்த்து, மைதானத்து ஓரத்தில் இரண்டு மூங்கில் நட அனுமதி கேட்க வேண்டும். சாயங்காலம் மனிஷாவோடு வலை கட்ட வேண்டும். கட்டியதும், பந்து அவளைத் தாண்டும்படி நானே எறிந்து, அவளை ஓடவைக்க வேண்டும்.